முதல் இரவு எங்கே? ஆஸ்திரேலியப் புஷ்வாக்கில் புதியவர்கள் இடம் தேர்ந்தெடுக்கும் முறை

பகலில் பத்து கிலோமீட்டர் நடந்து பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பியவர்களுக்கு நடை ஏற்கெனவே பழகிவிட்டது. பழகாதது இரவுதான். கூடாரம், படுக்கை, அடுப்பு, சோறு, தண்ணீர் எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக் காட்டுக்குள் போய், இருட்டில் தங்கி, மறுநாள் அசதியோடு அதே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதைத்தான் ஆஸ்திரேலியாவில் ஓவர்நைட் புஷ்வாக் என்கிறார்கள்.

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. படத்தில் அழகாகத் தெரியும் பாதையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதில் எங்கே படுப்பது என்று பிறகு தேடுவார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் முகாமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். நல்ல முகாமிடம் அமைந்துவிட்டால், அங்கே போகிற வழிகளில் எது எளியது என்று பார்ப்பது மட்டும்தான் பாக்கி. மலையுச்சியும் அருவியும் அடுத்த முறைக்கும் அங்கேயே இருக்கும்.

முகாமிடத்தைச் சலித்தெடுக்கும் கேள்விகள்

முதல் கேள்வி தண்ணீர். அங்கே மழைநீர்த் தொட்டி இருக்கிறதா, வற்றாத ஓடை இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா? ஒன்றும் இல்லாத இடத்துக்கு, மிதமான வெயிலில் ஒரு இரவுப் பயணத்துக்கு, ஆளுக்கு ஐந்து ஆறு லிட்டர் சுமக்க வேண்டிவரும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. பன்னிரண்டு கிலோவாக இருந்த பை, வாசலைத் தாண்டும்போதே பதினெட்டு கிலோ ஆகிவிடும். தொட்டி இருந்தாலும் கோடை இறுதியில் அது வற்றியிருக்கலாம். கிளம்பும் வாரத்தில் அந்தப் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. தொட்டி நீரோ ஓடை நீரோ, எதையும் அப்படியே குடிக்கக் கூடாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், அல்லது வடிகட்டியோ மாத்திரையோ பயன்படுத்துங்கள். மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அட்டையில் போட்டிருக்கும் நேரம்தான் கணக்கு.

இரண்டாவது, கழிப்பறை. இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். முதல் இரவு கெட்டுப்போவதற்கு இதுவே பெரிய காரணம். குழிக் கழிப்பறை உள்ள இடமாகவே முதலில் பாருங்கள். உள்ளே தாள் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கழிப்பறை இல்லாத இடத்தில் நீர்நிலை, பாதை, முகாம் மூன்றிலிருந்தும் நூறு மீட்டராவது தள்ளிப் போய், 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மூட வேண்டும். தாளுக்குப் பதில் தண்ணீர் பயன்படுத்தும் நம்மவர்கள் இதற்கென்று ஒரு அரை லிட்டர் புட்டியைத் தனியாக வைத்துக்கொண்டு, அந்தக் குழியின் மேலேயே கழுவிக்கொள்ளலாம். ஓடைக்கரைக்குப் போவது மட்டும் கூடவே கூடாது. கீழே முகாமிட்டிருப்பவர் குடிப்பது அந்த நீர்தான்.

மூன்றாவது, நடுவழியில் விட்டுவிட்டு வெளியேறும் வழி. கணுக்கால் பிசகினால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், கூடாரம் நனைந்தால், இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு சாலையோ வாகன நிறுத்துமிடமோ இருக்க வேண்டும். அந்த வழியையும் வரைபடத்தில் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

நான்காவது, கைப்பேசி சிக்னல். பெருநகரத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில்கூடப் பள்ளத்தாக்குகளிலும் கடற்கரைச் சரிவுகளிலும் சிக்னல் இருக்காது. இல்லை என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

கடைசியாக, முன்பதிவு. நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் பெயர்பெற்ற நடைமுகாம்கள் பலவற்றுக்கு முன்பதிவு கட்டாயம். ஈஸ்டர் வாரத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் இடம் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். விடுமுறை அல்லாத ஒரு ஞாயிறு-திங்கள் கிடைத்தால் கூட்டமும் குறைவு.

தொடங்க ஏற்ற மூன்று இடங்கள்

சிட்னிக்காரர்களுக்கு ராயல் தேசியப் பூங்காவின் நார்த் ஈரா முகாம். 1879-இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவின் கடலோரப் பாதை பண்டீனாவிலிருந்து ஆட்ஃபோர்ட் வரை 26 கி.மீ. நீளம். முழுப் பாதையையும் இரண்டு நாளில் நடப்பதுதான் பலருடைய ஆசை. ஆனால் பண்டீனாவில் தொடங்கினால் முதல் நாளே முழுச் சுமையுடன் ஏறத்தாழ 18 கி.மீ. நடக்க வேண்டும். புதியவருக்கு அது அதிகம். ஆட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் முகாம் சுமார் 8 கி.மீ. அங்கே தங்கி, மறுநாள் அதே வழியில் திரும்புங்கள். கார் இல்லாமலே செய்யக்கூடிய முதல் இரவு இது. ஆட்ஃபோர்ட்டில் ரயில்கள் அடிக்கடி நிற்பதில்லை என்பதால் திரும்பும் ரயில் நேரங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து மேலே ஏறும் முதல் செங்குத்து எல்லாரையும் மூச்சு வாங்க வைக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அப்புறம் பாதை இளகிவிடும். பாம் ஜங்கிள் பகுதியில் மழைக்குப் பின் வேரும் கல்லும் வழுக்கும், அட்டையும் ஏறும். முகாமில் குடிநீர் கிடையாது, முழுவதும் சுமந்து போக வேண்டும். அவசரத்துக்கு மேலே காரவாரா ஃபார்ம் வாகன நிறுத்துமிடத்துக்கு ஏறிவிடலாம். ஏற்றம் கடினம், தூரம் குறைவு. ருசா மான்கள் முகாம் புல்வெளிக்கு மேய வரும். கடற்கரையில் உயிர்காப்பாளர் காவல் இல்லாத நேரத்தில் கடலில் இறங்காதீர்கள். பர்னிங் பாம்ஸ் பக்கத்துப் பாறைக் குளங்களைப் பார்க்கும் ஆசையில் அலையடித்துக் காயப்பட்டவர்கள் ஏராளம். மூட்டை தூக்கிய களைப்போடு அங்கே போக வேண்டாம்.

பெர்த்தில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பெர்த்தை ஒட்டிய கலமண்டாவில் தொடங்கி ஆல்பனி வரை ஏறத்தாழ 1000 கி.மீ. ஓடும் பிபுல்மன் பாதையில், முதல் முகாமான ஹியூவெட்ஸ் ஹில் தொடக்கத்திலிருந்து சுமார் 10 கி.மீ. மூன்று பக்கச் சுவருள்ள தங்குகொட்டகை, மழைநீர்த் தொட்டி, குழிக் கழிப்பறை மூன்றும் இந்தப் பாதையின் முகாம்களில் உண்டு. மஞ்சள் முக்கோணத்தில், பழங்குடியினர் கதைகளில் வரும் வாகல் என்ற பாம்பைக் கறுப்பில் வரைந்த குறியீட்டைப் பார்த்துக்கொண்டே போகலாம். முதல் இரவுக்கு இதைவிட இணக்கமான ஏற்பாடு ஆஸ்திரேலியாவில் அரிது. கொட்டகை நிரம்பியிருக்கலாம், ஆகவே கூடாரம் கையில் இருக்கட்டும்.

மெல்பர்னிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் வில்சன்ஸ் புரொமன்டரி தேசியப் பூங்கா. பூங்காவின் மைய முகாமான டைடல் ரிவரிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே ஓபரான் பே முகாமுக்கு ஏறத்தாழ 7 கி.மீ. தான். உள்முகாம்களில் விறகுத் தீ மூட்டத் தடை, எரிவாயு அடுப்பு மட்டும். இதே பூங்காவின் சீலர்ஸ் கோவ் முகாம்தான் நீண்ட காலமாகப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2024-இல் வீசிய புயலில் அந்தப் பாதை சிதைந்து மூடப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் அது இன்னும் ‘எளிது, அழகு’ என்றே இருக்கிறது. எந்த இடமானாலும் பூங்கா நிர்வாகத்தின் தளத்தில் மூடல் அறிவிப்பைப் பதிவுக்கு முன் ஒரு முறையும், கிளம்பும் நாள் காலையில் ஒரு முறையும் பாருங்கள்.

கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

ஆஸ்திரேலியப் பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் போட்டிருப்பார்கள். முதல் இரவுக்குத் தரம் 3 போதும். அங்கங்கே செங்குத்தான சிறு ஏற்றம், படிகள், கரடுமுரடு இருக்கும், ஆனால் வழி தெளிவாக இருக்கும். தரம் 4 என்றால் நீண்ட, மிகச் செங்குத்தான பகுதிகளும் குறைந்த வழிக்குறிகளும் இருக்கலாம். தரம் 5 இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். இன்னொன்று, அந்தத் தரம் பாதைக்குத்தான், உங்கள் மூட்டைக்கு இல்லை. பதினான்கு கிலோவைத் தூக்கினால் தரம் 3 பாதை உடம்புக்கு 4 போலத்தான் தெரியும்.

ஏற்ற இறக்கம் எப்படி ஏமாற்றும் என்பதற்குச் சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுன்டன்ஸ் மலைப்பகுதியில் பெரீஸ் லுக்டவுன் நல்ல உதாரணம். அங்கிருந்து கீழே ப்ளூ கம் காட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் அளவுதான். அதற்குள் சுமார் 600 மீட்டர் இறங்க வேண்டும். தூரத்தைப் பார்த்து ‘இது அரை மணி நேரம்’ என்று நினைப்பவர்கள், மறுநாள் அந்த 600 மீட்டரையும் மூட்டையோடு ஏறும்போதுதான் உண்மையை அறிவார்கள். முழங்காலுக்கு இறக்கமே பெரிய சோதனை.

நேரக் கணக்கு இப்படிப் போடுங்கள். சுமையோடு மணிக்கு 3 கி.மீ. மொத்த ஏற்றத்தில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பத்து நிமிடம் கூட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் ஓய்வு. 8 கி.மீ. தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 40 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 3 மணி 10 நிமிடம். ஓய்வோடு மூன்றேமுக்கால் மணி. இதில் குழுவிலேயே மெதுவாக நடப்பவருடைய வேகம்தான் எல்லாருடைய வேகமும். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

இந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் கிளம்பும் நேரம் கிடைக்கும். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக முகாமில் இருக்க வேண்டும். ஜூன் மாதம் சிட்னியில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அப்படியானால் 3 மணிக்கு முகாம், 11 மணிக்கு நடை தொடக்கம். சிட்னியிலும் மெல்பர்னிலும் ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும் என்பதை மறந்து இருட்டில் மாட்டுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

எந்த மாதம்

தெற்கு மாநிலங்களில் மார்ச் பிற்பகுதி முதல் மே வரை மிகச் சிறந்தது. வெயில் தணிந்திருக்கும், கடல் இன்னும் குளிராது, காட்டுத்தீ அச்சம் குறையும். செப்டம்பர், அக்டோபர் அடுத்த தேர்வு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை முதல் இரவுக்குத் தவிருங்கள். 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுவதும் தீ அபாயத்துக்கு மிதம், உயர்வு, கடுமை, பேரழிவு என்று நான்கு நிலைகள் வைத்திருக்கிறார்கள். கடுமையோ அதற்கு மேலோ முன்னறிவிப்பில் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பூங்காவே மூடப்படலாம். தீத்தடை நாளில் எரிவாயு அடுப்பு பற்ற வைக்கலாமா என்ற விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் சமைக்காமல் சாப்பிடக்கூடிய ஒரு வேளை உணவு எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

மூட்டை

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது நல்ல அளவு. 65 கிலோ ஆளுக்கு 13 கிலோ, தண்ணீரும் சேர்த்து. குளியலறை எடை மேடையில் பையோடும் பை இல்லாமலும் நின்று கழித்துப் பாருங்கள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மெத்தை, பை ஆகிய நான்கும்தான் எடையில் பாதி. முதல் பயணத்துக்கே எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். சில கடைகள் வாடகைக்குத் தருகின்றன, புஷ்வாக் சங்கங்கள் சிலவும் புதிய உறுப்பினர்களுக்குக் கொடுத்து உதவும்.

ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்பநிலை எழுதியிருப்பார்கள். ‘கம்ஃபர்ட்’ என்பதை மட்டும் பாருங்கள். ‘லிமிட்’ என்பது சுருண்டு படுத்து இரவைத் தாக்குப்பிடிக்கும் எல்லை. இரவு 6 டிகிரி எதிர்பார்த்தால் கம்ஃபர்ட் 0 உள்ள பை எடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த இடைவெளி தேவை. பையை விடவும் முக்கியம் அடியில் விரிக்கும் மெத்தை. உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரைதான். ஆர்-மதிப்பு (சூடு வெளியேறாமல் தடுக்கும் திறனின் அளவு) 3 சுற்றி உள்ள மெத்தை குளிர்காலம் தவிர மற்ற மாதங்களுக்குப் போதும்.

பையை அணியும் முறையில்தான் பலர் தோளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் எல்லாப் பட்டைகளையும் தளர்த்துங்கள். பையை முதுகில் ஏற்றி, தோளை மேலே தூக்கிக் குலுக்கி, இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரும்படி வைத்து இறுக்குங்கள். வயிற்றின் மேல் கட்டினால் பட்டை நழுவிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகுதான் தோள்பட்டை வார். அது தோளைத் தொட்டால் போதும், இழுத்துப் பிடிக்கக் கூடாது. சரியாக அமைந்தால் தோளுக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் எளிதாக நுழையும். எடையில் பெரும்பங்கு இடுப்பில் இறங்கியிருக்கும். பைக்குள் தண்ணீர், உணவு போன்ற கனமானவை முதுகை ஒட்டி நடுவில், ஸ்லீப்பிங் பேக் அடியில், மழைச்சட்டை மேலே. எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையைப் பையின் உள்ளுறையாகப் போடுங்கள். வெளியே மாட்டும் மழையுறை பலத்த மழையில் முதுகுப் பக்கம் நீரை உள்ளே விடும்.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் காயாது, குளிர் ஏறும். முகாமில் போட மட்டும் ஒரு உலர்ந்த ஜோடி தனியாக மூடிய பையில் இருக்கட்டும். புதுக் காலணியை அன்றுதான் முதன்முதலாகப் போடுவது கொப்புளத்துக்கு அழைப்பு. குதிகாலில் சூடு தெரிந்த அந்த நிமிடமே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்பவர்களுக்கு மறுநாள் நடை இல்லை.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, முழு மூட்டையோடு வீட்டருகே பத்து கிலோமீட்டர் நடந்து, அன்றிரவு கொல்லைப்புறத்திலோ கார் போகும் முகாமிலோ அதே கூடாரத்தில் தூங்குங்கள். கொக்கி ஒன்று குறைவது, மெத்தை காற்று இறங்குவது, அடுப்பும் எரிவாயுக் குப்பியும் பொருந்தாதது எல்லாம் அன்றே தெரிந்துவிடும். ஒரு இரவுக்கு இருவருக்கு 100 கிராம் குப்பி ஒன்று போதும். விமானத்தில் அதைக் கொண்டுபோக முடியாது, போய்ச் சேர்ந்த ஊரில் வாங்க வேண்டும்.

காட்டுக்கேற்ற நம் சாப்பாடு

கடையில் விற்கும் உலர்உணவுப் பொட்டலங்கள் விலை அதிகம், நம் நாக்குக்குப் பிடிப்பதும் இல்லை. ரயில் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாடே இங்கேயும் கைகொடுக்கும். முதல் நாள் மதியம் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, அல்லது புளியோதரை. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், நண்பகலுக்குள் கெட்டுவிடும். நடுவே கடலைமிட்டாய், பேரீச்சை. மறுநாள் மதியம் சப்பாத்தியும் ஊறுகாயும்.

இரவுக்கு ரவை உப்புமாக் கலவையை வீட்டிலேயே செய்துவிடலாம். இருவருக்கு ஒரு கப் ரவை, ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், முந்திரி தாளித்து, கறிவேப்பிலையை மொறுமொறுவென்று ஆகும்வரை வறுங்கள். ஈரம் இருந்தால் கலவை புளித்துவிடும். ரவையைக் கொட்டிச் சிறுதீயில் ஏழெட்டு நிமிடம், மணம் வரும்வரை வறுத்து, உப்பும் சுக்குத்தூளும் சேர்த்து, முழுக்க ஆறிய பிறகு ஜிப் பையில் கட்டுங்கள். முகாமில் இரண்டரைக் கப் தண்ணீர் கொதித்ததும் கலவையைத் தூவிக் கிளறி, ஒரு நிமிடத்தில் அடுப்பை அணைத்து, மூடி, துண்டால் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். அரிசி என்றால் பதினைந்து இருபது நிமிட எரிவாயு போயிருக்கும். காலைக்கு அவலும் வெல்லமும், மேலே வெந்நீர்.

சொல்லிவிட்டுப் போங்கள்

வீட்டில் இருக்கும் ஒருவரிடம் நான்கு விவரம் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பாதை, எந்த முகாம், கார் எங்கே நிற்கும் அல்லது எந்த ரயில், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் காவல்துறையை அழைக்க வேண்டும். ‘ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவோம்’ என்பது போதாது. ‘இரவு 8 மணிக்குள் அழைக்காவிட்டால்’ என்று இருக்கட்டும்.

சிக்னல் இல்லாத இடத்துக்கு அவசரக் குறிகாட்டி ஒன்று கட்டாயம். பிஎல்பி என்று சொல்லும் இந்தச் சிறு கருவி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும், மாதக் கட்டணம் கிடையாது. ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்ய வேண்டும். ப்ளூ மவுன்டன்ஸ் பகுதியில் நடப்பவர்களுக்குக் காவல்துறையும் பூங்கா சேவையும் இதை இலவசமாக இரவல் கொடுக்கும் திட்டம் வைத்திருக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அழுத்துங்கள். சிக்னல் இருந்தால் முதலில் 000. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அந்த அழைப்பு போகும். எமர்ஜென்சி பிளஸ் செயலியில் நீங்கள் நிற்கும் இடத்தின் குறியீடு தெரியும். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி, நடக்கும்போது கைப்பேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

முகாமில் இறங்கியதும்

கூடாரம் போடும் முன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் பெருங்கிளையை உதிர்க்கும். பட்ட கிளை தொங்கும் மரத்தடி எவ்வளவு நிழலாக இருந்தாலும் அது படுக்கும் இடமில்லை. பிறகு தரை. தாழ்வான குழிவில் மழைநீர் தேங்கும். சற்றே சரிவு இருந்தால் தலையை மேட்டுப் பக்கம் வையுங்கள். வாசல் காற்று அடிக்காத பக்கம் இருக்கட்டும். வெளிவிரிப்பை இழுத்துக் கட்டி, உள்கூடாரத்தைத் தொடாதபடி பாருங்கள். தொட்டால் விடியற்காலை பனி உள்ளே சொட்டும். அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்ற வைக்கக் கூடாது. தீ மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும் கொல்லும்.

உணவு முழுவதையும் மூடி அழுத்தமான டப்பாவில் போடுங்கள். பாசம் (possum) என்ற மரவாழ் விலங்கும் எலியும் துணியைக் கடித்து நுழையும், வில்சன்ஸ் புரொமன்டரியில் வாம்பட் என்ற வளைவாழ் விலங்கு கூடாரத்தையே கிழித்து உள்ளே வரும். முறுக்குத் துகள் ஒன்று கூடாரத்தில் சிந்தினாலும் இரவு விருந்தாளி உண்டு. ஹெட்டார்ச்சைத் தலைமாட்டில் கைக்கு எட்டும் ஒரே இடத்தில் வையுங்கள். இரவில் காய்ந்த இலைமேல் கனமான காலடி கேட்கும். பெரும்பாலும் அது வாலபி என்ற சிறு கங்காருவோ மானோ. பாசம் இருமினால் மனிதர் கரகரப்பது போலவே இருக்கும். முதல் இரவில் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பாம்பு, உண்ணி இரண்டுக்கும் செய்ய வேண்டியதை மனப்பாடமாக வையுங்கள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கழுவாதீர்கள், அறுக்காதீர்கள், ஆளை நடக்க விடாதீர்கள். பத்து பதினைந்து செ.மீ. அகல நெகிழ்கட்டுத் துணியால் கடிவாயைச் சுற்றி, பிறகு விரல்நுனியிலிருந்து மேலே கை அல்லது கால் முழுவதும் இறுக்கமாகச் சுற்றி, கம்பு வைத்து அசையாமல் கட்டி, உதவியை அழையுங்கள். ஆளுக்கு இரண்டு கட்டுத்துணி. கிழக்குக் கரையில் உண்ணி கடித்திருந்தால் முறுக்கிப் பிடுங்க வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஈதர் கலந்த ஸ்ப்ரேயை அடித்து உறைய வைத்து, அது தானே உதிர விடுங்கள். அட்டை ஆபத்தில்லாதது, நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் போதும்.

கிளம்புவதா, வேண்டாமா

முந்தின நாள் மாலை வானிலை மையத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். பலத்த காற்று எச்சரிக்கை, இடியுடன் பெருமழை, தீ அபாயம் கடுமை, பூங்கா மூடல், குழுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை: இதில் ஒன்று இருந்தாலும் போகாதீர்கள். முன்பதிவுப் பணம் போனால் போகட்டும். நடுவழியிலும் ஒரு நேரத்தை முடிவு செய்து வையுங்கள். குறித்த மணிக்குள் பாதித் தூரம் எட்டாவிட்டால் திரும்பிவிடுவது. அந்த நேரத்தைக் காலையிலேயே எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டால், களைப்பில் யாரும் வாதாட மாட்டார்கள்.

வெளியே வந்ததும், கார் கதவைத் திறக்கும் முன்பே, காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். காலணிச் சேற்றை அங்கேயே தேய்த்து உதறுங்கள். மரவேரை அழுகச் செய்யும் பைட்டோஃப்தோரா கிருமி அந்த மண்ணில்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. சில பாதைகளின் தொடக்கத்தில் இதற்கென்றே தூரிகை வைத்திருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் எவ்வளவு அசதியாக இருந்தாலும் கூடாரத்தைப் பையிலிருந்து எடுத்துத் துணிக்கொடியில் விரித்துவிடுங்கள். ஈரத்தோடு இரண்டு நாள் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், அந்த வாடை பிறகு போகாது.